சமையல் மேடைக்கு ஏற்ற கல்

புதிதாக வீடு கட்டுவோர் வாசற்கதவைத் தேர்ந்தெடுக்கப் பல நாள் அலைவர். சமையல் மேடைக்குரிய கல்லையோ நிறத்தை மட்டும் நோக்கி ஒரு நாழிகையில் வாங்கிவிடுவர். ஆயினும் வீட்டில் ஓயாது உழைக்கும் இடம் அந்த மேடையே அன்றோ? கொதிக்கும் பாத்திரம் அதன்மேல் இறங்குகிறது, புளிக்கரைசல் சிந்துகிறது, எண்ணெயும் மஞ்சளும் படிகின்றன, கத்தி உராய்கிறது. இவற்றைத் தாங்கும் கல் எது என்பதற்குப் பள்ளியில் நாம் கற்கும் வேதியியலே விடை கூறுகிறது.

கடைகளில் காணும் இயற்கைக் கற்களை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். சலவைக்கல்லும், ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்தின் பெயரால் வழங்கும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் கால்சியம் கார்பனேட் மிகுதி. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமோ, புளியில் உள்ள டார்டாரிக் அமிலமோ பட்டால், அது கல்லோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியேற்றும். அந்த இடத்தில் கல் சிறிது அரிக்கப்பட்டு, மெருகு மங்கிவிடும். அது கறையன்று, ஆதலால் எவ்வளவு தேய்த்துக் கழுவினும் போகாது.

கருங்கல் மற்றோர் இனம். கிரானைட் என்று நாம் சொல்லும் இக்கல்லில் குவார்ட்ஸ், பெல்ஸ்பார் முதலிய கனிமங்கள் இறுகிக் கிடக்கின்றன. புளியும் எலுமிச்சையும் இவற்றை அரிப்பதில்லை. 1812-ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் என்னும் அறிஞர் வகுத்த கடினத்தன்மை அளவையில் சலவைக்கல்லின் கனிமமாகிய கால்சைட்டுக்கு எண் 3; பெல்ஸ்பாருக்கு 6; குவார்ட்ஸுக்கு 7. சமையற் கத்தியின் எஃகு ஏறத்தாழ ஐந்தரை. ஆகவே கத்தி சலவைக்கல்லைக் கீறும், கருங்கல்லைக் கீறாது. நம் பாட்டிமார் மிளகாயையும் புளியையும் அரைத்த அம்மி கருங்கல்லால் ஆனதன் காரணம் இதனால் விளங்கும்.

மெருகேற்றிய கடப்பைக் கல்லும் கறுப்பு. கிரானைட்டிலும் கறுப்பு வகை உண்டு. கண்ணால் மட்டும் பார்த்து ஏமாறாதிருக்க எளிய சோதனை ஒன்று உள்ளது. கடைக்காரரிடம் துண்டுக் கல் ஒன்று கேட்டு வாங்கி, அதன்மேல் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுச் சிறிது நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு மங்கினால் அது சுண்ணாம்பு இனம். வேறோர் இடத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கல் விரைவில் நீரை உறிஞ்சிக் கருத்தால் நுண்துளைகள் மிகுதி என்று பொருள். எண்ணெயும் அவ்வாறே உள்ளிறங்கும்.

குவார்ட்ஸ் மேடை என்னும் பெயரில் செயற்கைக் கல்லும் விற்பனைக்கு வருகிறது. குவார்ட்ஸ் பொடியைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யப்படுவது இது. கறை எளிதில் பற்றாது. ஆனால் சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் பிசின் கெடும். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இக்கல் பலவற்றில் சிலிக்கா நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருக்கிறது. அதை உலர்வாக அறுக்கும்போது எழும் நுண்தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. அதனை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இளம் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளானதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் இவ்வகைக் கல்லைத் தடை செய்தது.

கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. எனவே எக்கல்லை வாங்கினும், நீர் பாய்ச்சி அறுக்கிறார்களா, அறுப்பவர் தக்க முகக்கவசம் அணிந்திருக்கிறாரா என்று கேட்பது நம் கடமை. அந்த மேடையில் நாம் பல்லாண்டு சமைத்து உண்ணப்போகிறோம். அதை அறுத்துத் தந்தவரும் நலமாக வாழ வேண்டும்.