துப்பாக்கி யார் கையில இருக்கு?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி இப்படி மெசேஜ் பண்ணியிருந்தார்: "அமெரிக்காவுல மாசத்துக்கு ஒரு தடவையாவது ஸ்கூல்ல சுட்டாங்கன்னு நியூஸ் வருது. நம்ம ஊர்ல துப்பாக்கியே இல்லையே, நாம ஏன் அதைப் பத்திப் பேசணும்?"

நியாயமான கேள்விதான். நான் வளர்ந்தது கடலூர் சிப்காட் பக்கத்துல. என்கிட்ட இதுக்கு ஒரு பதில் இருக்கு. ஆனா அதை அமெரிக்காவுல இருந்து ஆரம்பிச்சாதான் புரியும்.

அமெரிக்க அரசியலமைப்பில் 1791-ல் சேர்த்த இரண்டாவது திருத்தம், மக்கள் ஆயுதம் வச்சிருக்கிறதை உரிமைன்னு சொல்லுது. அது தனிமனிதருக்கான உரிமைதான்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பு கொடுத்துச்சு. 2018-ல் வந்த ஒரு சர்வதேசக் கணக்குப்படி, அங்க பொதுமக்கள்கிட்ட இருக்கிற துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. ஜனத்தொகையை விட அதிகம். 2021-ல் மட்டும் துப்பாக்கியால் இறந்தவங்க 48,830 பேர். இதுல பாதிக்கு மேல தற்கொலை. செய்தியில நாம பார்க்கிற ஸ்கூல் சம்பவங்கள் அந்த எண்ணிக்கையில் ஒரு சின்ன பங்குதான்.

2022 மே 24-ல் டெக்சாஸில் இருக்கிற யுவால்டி ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்குள்ள 18 வயசுப் பையன் புகுந்தான். 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள் இறந்தாங்க. வெளியில ஆயுதத்தோட வந்து நின்ன போலீஸ், அவனைத் தடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம், 21 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க துப்பாக்கி வாங்கினா கூடுதலா விசாரிக்கணும்னு ஒரு சட்டம் ஜூன் 25-ல் வந்துச்சு. ஆனா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சட்டத்தை ரத்து பண்ணியிருந்துச்சு. வெளியில துப்பாக்கியோட போகணும்னா தகுந்த காரணம் காட்டணும்னு சொன்ன சட்டம் அது. ஒரே வாரத்துல ஒரு கதவை இழுத்துச் சாத்தி, இன்னொரு கதவைத் திறந்து விட்ட மாதிரி.

இப்ப இந்தியாவுக்கு வருவோம். இங்க துப்பாக்கி உரிமை கிடையாது, லைசென்ஸ்தான். இதோட வேர் 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். இந்தியர்கள் அனுமதி வாங்கணும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. ஆளப்படுறவங்க கையில ஆயுதம் இருக்கக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதுச் சட்டம் வந்துச்சு, இனப் பாகுபாடு போச்சு, லைசென்ஸ் முறை நின்னுச்சு. இன்னைக்கு விண்ணப்பம் போட்டா போலீஸ் விசாரணை நடக்கும். ஏன் வேணும்னு காரணம் சொல்லணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வச்சுக்கலாம். தேர்தல் வந்தா அதையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. அமெரிக்க நீதிமன்றம் எதை ரத்து பண்ணுச்சோ, அதாவது "காரணம் சொல்லு" என்கிற விதி, அதுதான் நம்ம சட்டத்தோட அஸ்திவாரம்.

இந்த ஏற்பாடு நல்லதுன்னுதான் நான் நினைக்கிறேன். கோவத்துல கையை ஓங்குறவன் கையில துப்பாக்கி இல்லாததால தப்பிச்ச உயிர்கள் எத்தனையோ இருக்கும்.

ஆனா கதை இங்க முடியல. மக்கள் கையில துப்பாக்கி இல்லைன்னா, அது முழுக்க அரசு கையில இருக்குன்னு அர்த்தம். அப்போ அந்தக் கைக்கு என்ன விதி?

எங்க ஊர்லயே உதாரணம் இருக்கு. 1965 ஜனவரி 27. இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போறாங்க. போலீஸ் சுட்டதுல ராஜேந்திரன்னு ஒரு மாணவர் செத்துப் போறார். பல்கலைக்கழகத்துல இன்னைக்கும் அவர் சிலை நிக்குது. எத்தனையோ பேர் அதுக்குக் கீழ நின்னு செல்ஃபி எடுத்திருப்போம், எப்படி இறந்தார்னு கேட்டிருக்க மாட்டோம்.

அடுத்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது. 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தோட 100-வது நாள். கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போன கூட்டத்து மேல துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தாங்க. சுட உத்தரவு கொடுத்தது துணை வட்டாட்சியர்கள்னு எஃப்.ஐ.ஆர்.ல வந்தப்போ பலருக்கு அதிர்ச்சி. ஆனா சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. கூட்டத்தைக் கலைக்கிற அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் உண்டு. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 129. 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல பிரிவு 148.

எப்படிச் சுடணும்னும் போலீஸுக்கு விதி இருக்கு. முதல்ல எச்சரிக்கை, அப்புறம் கண்ணீர்ப்புகை, தடியடி, கடைசியாத்தான் துப்பாக்கி. அதுவும் தாழ்வா குறி வச்சு, கூட்டம் கலைய ஆரம்பிச்ச உடனே நிறுத்தணும். தூத்துக்குடியில இதெல்லாம் நடந்துச்சா? ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தோட அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வச்சாங்க. தூண்டுதல் இல்லாமலே சுட்டாங்க, தப்பி ஓடுறவங்களைச் சுட்டாங்கன்னு அறிக்கை சொல்லுது. 17 போலீஸ்காரர்கள் மேல நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரை பண்ணுச்சு.

விதி மீறினா என்ன ஆகும்? இங்கதான் முடிச்சு. கூட்டத்தைக் கலைச்ச அதிகாரி மேல வழக்கு நடத்தணும்னா அரசோட முன் அனுமதி வேணும். பழைய சட்டத்துல பிரிவு 132, புதுசுல 151. யாருக்காகச் சுட்டாங்களோ, அவங்ககிட்டயே போய் அனுமதி கேட்கணும்.

இப்ப என் கதைக்கு வர்றேன். கடலூர்லேர்ந்து சிதம்பரம் போற ரோட்டுல பஸ்ல போனவங்களுக்கு அந்த நாத்தம் தெரியும். உப்பனாறு ஓரமா ரசாயனக் கம்பெனிகள். குடிக்காடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடின்னு ஊர்கள். அங்க இருக்கிற மக்கள் 2004-லயே ஒரு பக்கெட்டையும் பிளாஸ்டிக் பையையும் வச்சுக் காத்தைப் பிடிச்சு, ஆய்வகத்துக்கு அனுப்பி, அதுல என்னென்ன ரசாயனம் இருக்குன்னு ஆதாரத்தோட காட்டினவங்க. அவங்க கையில இருந்த ஆயுதம்னா அந்த பக்கெட்டும் மனுவும்தான்.

தூத்துக்குடி நடந்த அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல டிவி ஓடிட்டு இருந்துச்சு. அப்பா சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு வந்து, சாப்பிடாம பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணி விஷயமா அடுத்த திங்கட்கிழமை மனு கொடுக்கப் போறதா தெருவுல பேசி வச்சிருந்தாங்க. அம்மாவும் போறதா இருந்துச்சு. அப்பா மெதுவா, "இந்த வாரம் வேணாம்டி"ன்னார். அம்மா பதிலே சொல்லல. அந்தத் திங்கட்கிழமை எங்க தெருவுல இருந்து யாரும் போகல.

சுமார் 400 கிலோமீட்டர் இருக்கும், தூத்துக்குடிக்கும் எங்க ஊருக்கும். ஒரு தோட்டா அவ்வளவு தூரம் போகாது. பயம் போகும்.

அதனால அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். அமெரிக்காவுல "யார் வாங்கலாம்"னு சண்டை போடுறாங்க. நாம கேட்க வேண்டியது "யார் சுட உத்தரவு கொடுத்தது, எழுத்துல இருக்கா, யார் பதில் சொல்வாங்க" என்கிறது. ரெண்டுமே துப்பாக்கிக் கட்டுப்பாடு பத்தின கேள்விதான்.

அம்மா அப்புறம் போனாங்களான்னு கேட்பீங்க. போனாங்க, ஆறு மாசம் கழிச்சு. மனு எழுதிக் கொடுத்தது நான்தான்.

உங்க ஊர்ல இப்படி ஒரு சிலையோ நினைவிடமோ இருந்தா, அது யாருன்னு விசாரிச்சு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.