கப்பலை அளந்த சட்டம்

சீனத் துறைமுகங்களிலிருந்து 1847 முதல் 1874 வரை கியூபாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 141,000 பேராவர். உயிருடன் கரையிறங்கியோர் சுமார் 125,000 பேர் மட்டுமே. எஞ்சியோரைக் கடல் கொண்டது.

இக்கொடுமையைக் கட்டுப்படுத்தவென பிரித்தானியப் பாராளுமன்றம் 1855இல் சீனப் பயணிகள் சட்டத்தை இயற்றியது. ஹொங்கொங்கிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட ஆசியப் பயணிகளை ஏற்றும் எக்கப்பலும், சீனத் துறைமுகங்களில் அவ்வாறு ஏற்றும் பிரித்தானியக் கப்பல்களும் இதற்குக் கட்டுப்பட்டன. ஆளொருவருக்கு 12 சதுர அடி இடம், போதிய உணவு, நீர், மருத்துவர் ஆகியன கட்டாயமாயின. பயணிகள் தாம் செல்லுமிடத்தையும் ஒப்பந்தத்தையும் அறிந்து, விரும்பியே செல்கின்றனரா என்பதைக் குடியகல்வு அதிகாரி விசாரித்த பின்னரே கப்பல் புறப்படலாம்.

எனினும், சட்டம் வணிகத்தைத் தடுக்கவில்லை, இடம்பெயரவே செய்தது. தரகர்கள் அண்மையிலிருந்த போர்த்துக்கேய மக்காவோவை நாடினர். பிற நாட்டுக் கொடிகளின் கீழ் கப்பல்கள் ஓடின. அமெரிக்கா 1862இல் தனது கப்பல்களுக்குத் தடை விதித்தபோதும் வணிகம் ஓயவில்லை. மக்காவோவின் வாயில் 1874இல் அடைக்கப்பட்ட பின்னரே கியூபாவுக்கான அவ்வணிகம் முடிவுக்கு வந்தது.

ஒரு துறைமுகத்தின் கண்டிப்பு அயல் துறைமுகத்தின் இலாபமாகிவிடும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மையாகும். மனிதரை விற்போருக்கு எதிரான சட்டங்கள் எல்லைகளைக் கடந்து ஒன்றிணையாதவரை, அவை கப்பலை அளக்குமேயன்றி மனிதரைக் காக்கமாட்டா.