கியர் ஆடும் கார்களும் ஒரு சின்ன புஷ்ஷும்

அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதி ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளம். தாழ்நிலத்து இறப்பர் தோட்டங்களைத் தாண்டி, கித்துல்கல, கினிகத்தேன, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று வளைந்து வளைந்து 1,868 மீற்றர் உயரத்துக்குப் போகிறது. இந்த வழியில் பழைய கார் ஓட்டுகிறவரின் இடது கைக்கு ஓய்வே கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் மூன்றாம் கியரிலிருந்து இரண்டு, நிமிர்ந்ததும் மறுபடி மூன்று, கொண்டை ஊசி வளைவு வந்தால் ஒன்று. சமதரை வீதியில் நெடுந்தூரம் ஓடினாலும் விழாத அளவு கியர் மாற்றம் இங்கே ஒரே பயணத்தில் விழுந்துவிடும்.

அதனால்தான் மலைநாட்டுப் பழைய கார்களில் கியர் லீவர் சீக்கிரமே தளர்ந்துபோகிறது. "கியர் ஆடுது", "ரெண்டாவது எங்க இருக்குன்னே தெரியல்ல", "இறக்கத்துல கியர் தானா கழண்டு வருது" என்று சொல்லிக்கொண்டு கராஜுக்கு வருவார்கள். கேட்ட மாத்திரத்தில் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும் என்று முடிவு கட்டுகிற இடங்களும் உண்டு. கழற்றுவது லேசான காரியமல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்றால் முதலில் எஞ்சினை இறக்க வேண்டும். மினி என்றால் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகவே தூக்க வேண்டும். இத்தனையும் செய்து பூட்டிய பிறகும் லீவர் பழையபடி ஆடினால் போன காசு போனதுதான். பல கார்களில் கோளாறு கியர்பொக்ஸுக்குள் இருப்பதே இல்லை. லீவருக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே ஓடும் கம்பியிலும், அந்தக் கம்பியைத் தாங்கும் சின்னப் பிளாஸ்டிக் அல்லது இறப்பர் புஷ்ஷிலும்தான் அது இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எல்லாக் கார்களிலும் இந்தக் கம்பி இருப்பதில்லை. 1948-இல் வந்த மொரிஸ் மைனரில் எஞ்சின் முன்னால், அதற்கு நேர் பின்னால் கியர்பொக்ஸ். லீவர் அதன் தலையிலிருந்தே மேலே எழுந்து நிற்கும். நடுவில் கோளாறு வர அதிக இடமில்லை. அதே காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1959-இல் மினியைக் கொண்டுவந்தபோது எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பொக்ஸை அதன் அடியில், அதே ஒயிலுக்குள் அடக்கினார். காருக்குள் இடம் மிஞ்சியது, ஆனால் கியர்பொக்ஸ் ஓட்டுகிறவரின் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. முதல் மினிகளில் நீண்டு வளைந்த லீவர் ஒன்று எட்டி அதைத் தொட்டது. 1961-இல் வந்த மினி கூப்பரில் குட்டையான லீவரும் இடையில் ஓர் இணைப்பும் வந்தன. பீட்டிலில் தூரம் இன்னும் அதிகம். எஞ்சினும் கியர்பொக்ஸும் பின்னால் இருக்க, லீவர் முன் இருக்கைகளுக்கு நடுவில் நிற்கிறது. காரின் நடுவே ஓடும் இரும்புக் கூட்டுக்குள் ஒரு மீற்றருக்கும் மேல் நீளமான கம்பி ஒன்று இரண்டையும் இணைக்கிறது. அதே அடித்தளத்தில் கட்டப்பட்டு 1955 முதல் 1974 வரை வந்த கார்மன் கியா என்ற அழகிய இரண்டு கதவுக் காரிலும் இதே ஏற்பாடுதான்.

அந்த நீளக் கம்பி இரும்புத் தாங்கியில் நேராக உரசினால் சத்தம் போடும், இரண்டுமே தேயும். அதனால் நடுவில் மெத்தென்ற ஒரு புஷ்ஷை வைக்கிறார்கள். கால் தேயாமல் இருக்கச் செருப்புத் தேய்வதுபோல, விலைமதிப்பான கம்பி பிழைப்பதற்காக இந்த மலிவான வளையம் தேய்கிறது. தேய்வதே அதன் வேலை. தேய்ந்த பிறகும் அதை மாற்றாமல் விட்டால் தேய்மானம் கம்பிக்கும் தாங்கிக்கும் ஏறிவிடும். அங்கேதான் செலவு தொடங்குகிறது.

அரை மில்லிமீற்றர் தேய்ந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். லீவர் நெம்புகோல் என்பதை நினைவில் வையுங்கள். சுழலும் புள்ளிக்கு மேலே 30 சென்ரிமீற்றரும் கீழே 6 சென்ரிமீற்றரும் இருக்கிற லீவரில், கீழே உள்ள அரை மில்லிமீற்றர் ஆட்டம் மேலே கைப்பிடியில் இரண்டரை மில்லிமீற்றராகப் பெருகும். இணைப்பில் அப்படி மூன்று நான்கு மூட்டுகள் இருந்தால் எல்லாம் கூடிவிடும். கைப்பிடி ஆடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மறுமுனையில் நடப்பதுதான் ஆபத்து. கியர்பொக்ஸுக்குள் ஒரு கியர் விழ வேண்டுமானால் பல் வளையம் சில மில்லிமீற்றர் நகர்ந்து முழுமையாகப் பற்ற வேண்டும். அந்தச் சில மில்லிமீற்றரில் ஒரு பங்கைத் தேய்ந்த புஷ் விழுங்கிவிட்டால் பற்கள் அரைகுறையாகவே பற்றும்.

அரைகுறையாகப் பற்றிய கியர் ஏற்றத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இறக்கத்தில் எஞ்சின் காரை இழுப்பதற்குப் பதில் கார் எஞ்சினை உருட்டுகிறது. பல்லின் மீது விசை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அப்போதுதான் கியர் துள்ளிக் கழன்று நியூட்ரலுக்கு வரும். நுவரெலியாவிலிருந்து இறங்கும் 800 கிலோ எடையுள்ள கார், 1,800 மீற்றர் தாழும்போது ஏறத்தாழ 1.4 கோடி ஜூல் சக்தியைக் கரைத்தாக வேண்டும். காற்றுத் தடையும் சக்கர உராய்வும் ஒரு பங்கைக் கரைக்கும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பங்குபோட வேண்டும். கியர் கழன்றால் முழுச் சுமையும் பழைய டிரம் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய டிரம் பிரேக் பிடிமானத்தை இழப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நானுஓயாவில் ரதெல்ல குறுக்கு வீதி எவ்வளவு செங்குத்து என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் பஸ், வேன், முச்சக்கரவண்டி மோதிய விபத்தில் அங்கே ஏழு பேர் இறந்தார்கள். இந்த மலையில் தாழ்ந்த கியர் உயிரைக் காக்கும் சாதனம். அதைப் பிடித்து நிறுத்துகிற புஷ்ஷையும் பிரேக்குக்குச் சமமாகவே மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பழைய காரைப் பேணுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது முழு உண்மையல்ல. பந்தயத்துக்காக இந்த மலையில் கார் ஓடிய வரலாறு நீண்டதுதான்: நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934-இல் தொடங்கியது, ஏப்ரல் சீசனோடு சேர்ந்தே பேசப்படுவது. மினிகளுக்கு இலங்கை மோட்டார் பந்தயங்களில் தனிப் பிரிவே உண்டு. ஆனால் பழைய கார்கள் இத்தனை நாள் உயிரோடு இருப்பதற்குப் பந்தயம் மட்டும் காரணமல்ல. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி இறுகிக் கிடந்தது. 1977-க்குப் பிறகுதான் கதவு திறந்தது. மறுபடி 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி பிறந்தது. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத காலங்கள் இவை. திருத்தும் கையும் இங்கே இருந்தது. கோப்பிக் காலத்திலேயே, 1854-இல் தொடங்கிய வோக்கர் நிறுவனத்திலிருந்து இன்றுள்ள தேயிலை ஸ்டோர்களின் ஃபிட்டர்கள் வரை, இயந்திரத்தின் தேய்ந்த பாகத்தை அளந்து, லேத்தில் கடைந்து, புதிதாகப் பொருத்தும் வழக்கம் இந்த நாட்டில் விட்டுப்போகவில்லை. மொரிஸ் மைனருக்கு உடற்தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பிய காலமும் உண்டு.

புதிய புஷ் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கடைந்துகொள்ளலாம். எதில் கடைவது என்பதில்தான் கவனம் வேண்டும். பித்தளை சாகாவரம் பெற்றது என்று சிலர் அதையே கேட்பார்கள். நீளக் கம்பிக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். எஞ்சின் அதிர்வை அப்படியே கைக்குக் கடத்தும், கிரீஸ் வற்றினால் கம்பியைத் தின்னும். நைலான், 1935-இல் டூபோன்ட் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரோதர்ஸ் குழு கண்டெடுத்தது, இந்த வேலைக்கு நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது. அதற்கு ஒரு குணம் உண்டு: தண்ணீர் குடிக்கும். முழுதாக ஊறினால் தன் எடையில் எட்டு விழுக்காடு வரை ஈரம் ஏற்று, கொஞ்சம் ஊதும். வெயில் நாளில் கணக்காகக் கடைந்த வளையம் நுவரெலியாவின் மூடுபனி மாதங்களில் கம்பியைக் கவ்விப் பிடிக்கும். 1960-இல் சந்தைக்கு வந்த அசிற்றல் என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் ஈரம் ஏற்கும். வழுக்கும் குணமும் அதிகம். மலைநாட்டுக்கு அதுவே பொருத்தம். கம்பியைவிட 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் பெரிதாக உள்துளையைக் கடைய வேண்டும். வெளிப்புறம் தாங்கிக்குள் இறுக்கமாகத் தட்டிப் பொருத்துவதாக இருந்தால் உள்துளை சற்றுச் சுருங்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைவதற்கு முன் கம்பியை அளக்க வேண்டும். புஷ் உட்காரும் இடத்தில் வேர்ணியரை வைத்து அளந்து, தேயாத இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பியிலேயே பள்ளம் விழுந்திருந்தால் புதிய புஷ் சில மாதத்தில் பழையபடி ஆடும்.

அதற்கும் முன்னால், கோளாறு புஷ்ஷில்தானா என்று உறுதி செய்ய வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்திய நிலையில் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் கிளச்சைப் பார்க்க வேண்டும். நிறுத்தினாலும் கியர் தேட வேண்டியிருந்தால் இணைப்பைப் பார்க்கலாம். 1968-க்கு முற்பட்ட மினியில் முதலாம் கியருக்கு சிங்க்ரோ (பற்றுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) இல்லை. அதில் ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியர் கரகரப்பது புஷ்ஷின் குற்றமில்லை. பிறகு ஒருவர் உள்ளே இருந்து லீவரை மெதுவாக ஆட்ட, இன்னொருவர் அசைவு கம்பி வழியே எங்கே வரை போகிறது, எங்கே செத்துவிடுகிறது என்று மூட்டு மூட்டாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அசைவு சாகிற இடத்தில்தான் தேய்மானம்.

வேலையைத் தொடங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. நம் பக்கத்தில் காரை நிறுத்தினால் கியரில் போட்டு நிறுத்துவதே பழக்கம். இணைப்பைக் கழற்றிவிட்டால் அந்தப் பிடி இல்லை. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை போட்டுவிட்டுத்தான் கீழே குனிய வேண்டும்.

பீட்டிலிலும் கார்மன் கியாவிலும் வேலை காருக்குள்ளேயே முடியும். லீவரின் அடியில் இரண்டு போல்ட். கழற்றினால் லீவர், ஸ்பிரிங், ரிவர்ஸ் கியர் தவறி விழாமல் தடுக்கும் ஒரு தகடு மூன்றும் வெளியே வரும். அந்தத் தகடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றுமுன் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் வேறு கோளாறு முளைக்கும். பின் இருக்கையைத் தூக்கினால் நடுக்கூட்டின் மேல் ஒரு சின்ன மூடி. அதற்குள் கம்பியைக் கியர்பொக்ஸோடு சேர்க்கும் இணைப்பான் இருக்கிறது. அதிலும் இறப்பரோ பிளாஸ்டிக்கோ உண்டு, பெரும்பாலும் அதுவும் போயிருக்கும். அதன் திருகில் சுற்றிய பூட்டுக்கம்பியை வெட்டித் திருகைத் தளர்த்தினால் கம்பி விடுபடும். இனி கம்பியைத் தாங்கியிலிருந்து நகர்த்திவிட்டு, லீவர் நின்ற துவாரத்தின் வழியே விரல் விட்டுத் தடவினால் தாங்கி அகப்படும். அதில் புஷ்ஷின் எச்சம், சில வேளை வெறும் தூள். அதைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, பழைய கிரீஸையும் வழித்து, புதியதை அதன் வளையக் கம்பியோடு உட்கார வைத்து, லித்தியம் கிரீஸ் தடவி எல்லாவற்றையும் மறுபடி பூட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் செய்கிற வேலை என்பதால் பொறுமைதான் பெரிய கருவி. இணைப்பான் திருகுக்குப் புதிய பூட்டுக்கம்பி போடாமல் மூடியை மூடாதீர்கள். அந்தத் திருகு நடுவழியில் கழன்றால் எந்தக் கியரில் இருந்தீர்களோ அதிலேயே நிற்பீர்கள்.

மினியில், குறிப்பாக 1973-க்குப் பிந்தியவற்றில், காருக்கு அடியில் படுத்துத்தான் செய்ய வேண்டும். லீவரிலிருந்து இரண்டு கம்பிகள் போகும்: ஒன்று நகர்கிறது, மற்றது லீவர்ப் பெட்டியை அசையாமல் பிடிக்கிறது. பிடிக்கும் கம்பியின் இறப்பர் புஷ்களும், நகரும் கம்பியின் மூட்டில் உள்ள ரோல் பின்களும், லீவரின் உருண்டை உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணமும்தான் தேய்கிறவை. அருகிலேயே கியர்பொக்ஸ் தண்டின் ஒயில் சீல் கசியும் இடம். கசியும் ஒயில் இறப்பரை ஊதிக் கெடுக்கும். ஆகவே சீலை மாற்றாமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் பணம் வீண். இறப்பர் புஷ்ஷைப் பொருத்தும்போது கிரீஸ் தடவ வேண்டாம், சவர்க்கார நீரே போதும்.

பூட்டி முடித்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் நான்கு கியரையும் ரிவர்ஸையும் பல தடவை போட்டுப் பாருங்கள். பீட்டிலில் இரண்டாவது இறுக்கமாக இருந்தால் லீவரின் அடித்தகட்டைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி இறுக்க வேண்டும். பூட்டிய இடத்திலேயே சரியாக அமைவது அபூர்வம். பிறகு மெதுவான இறக்கம் ஒன்றில், பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, இரண்டாம் கியரில் இறங்கி அக்சிலரேட்டரை விடுங்கள். கியர் கழலாமல் நிற்க வேண்டும். கடைசியாக ரிவர்ஸ். தோட்டத்துப் பாதையில் எதிரே கொழுந்து லொறி வந்தால் ஒதுங்கப் பின்னால் போகவேண்டியவர் பெரும்பாலும் கார்க்காரர்தான். பீட்டிலில் லீவரை அமுக்கி, இடதுக்குத் தள்ளி, பின்னால் இழுத்தால் தேடாமல் விழ வேண்டும். விழாவிட்டால் அடித்தகட்டைத் தளர்த்தி மறுபடி சரிசெய்யுங்கள்.