கோட்டையடி ஊரில் வாய்க்கு ருசியும் கைக்கு அடக்கமும்

எங்கள் செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்ப்பார்கள், ராஜகிரி மலை ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பெண்களாகிய நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுதான் நெற்களஞ்சியம். தடிச்ச சுவரும் வளைந்த கூரையுமாக எவ்வளவு பெரிசு! 1690-லிருந்து 1698 வரை மொகலாயப் படை வெளியே முற்றுகை போட்டிருக்க, மராட்டிய மன்னர் ராஜாராம் இந்தக் கோட்டையில்தான் இருந்தார். கைடு சொல்லும் சண்டைக் கதை என் காதில் ஏறவே ஏறாது. "இத்தனை நெல்லிலே வண்டு விழாம எப்படிக் காப்பாத்தினாங்களோ?" என்பதுதான் என் கவலை. நாம் பத்துக் கிலோ அரிசியில் வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு தரம் கிளறிக்கொண்டிருக்கிறோமே!

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் கோட்டை மட்டும்தான். ஊருக்குப் பெருமைதான். எங்கள் வீட்டுக்கோ விருந்தாளி கூடிப்போச்சு. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, இங்கே நல்ல ஹோட்டல் எது?"

எந்த ஹோட்டல் என்பதைவிட, என்றைக்குப் போகிறீர்கள் என்று பாருங்கள் என்பேன். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கூட்டம். இரண்டும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அந்தச் சாயங்காலங்களில் எந்த அடுப்புக்கும் ஓய்வு கிடையாது. மாவு புளிக்க நேரமில்லாத இட்லியும், காய்ந்த எண்ணெயிலேயே திரும்பத் திரும்பப் போட்ட பூரியும்தான் தட்டுக்கு வரும். அன்றைக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே நல்லது. சாதாரண நாளில் மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய்ப் பாருங்கள். அதே கடையில் சோறும் குழம்பும் சூடாக, முதல் வடியலாகக் கிடைக்கும்.

செலவு விஷயத்தில் சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். சின்னக் குழந்தைகளோடு போனால் ஆளுக்கு ஒரு முழுச் சாப்பாடு வாங்காதீர்கள். அளவுச் சாப்பாடு என்று கேட்டால் பல மெஸ்களில் கொடுப்பார்கள். பார்சல் சாப்பாட்டில் சோறு தாராளமாக வைப்பது வழக்கம்; ஒரு பார்சலை இரண்டு பேர் சாப்பிடலாம். அதைவிடச் சிக்கனம், சோற்றை வீட்டில் வடித்துவிட்டுக் குழம்பும் பொரியலும் மட்டும் வாங்குவது. போகும்போது தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரைப் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருகிற கடை இன்னமும் இருக்கிறது. வடையைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அச்சு மை எண்ணெயில் ஊறி வடையில் ஏறும். கல்லாவுக்குப் பின்னால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

மலை ஏறுகிறவர்களுக்குப் புளிசாதம்தான் சரி. புளியும் நல்லெண்ணெயும் சேர்வதால் சட்டென்று கெடாது. வெறும் சோறோ, தேங்காய் சாதமோ வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்குவதே கஷ்டம். பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்கு பிடுங்கிவிடும், ஜாக்கிரதை. தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

கோடையில் வருகிறவர்கள் காலையிலேயே பதநீர் தேடிக் குடியுங்கள். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால்தான் அது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு 1987-லிருந்து இங்கே தடை. புதுச்சேரி பக்கம்தானே, ஒயின் மலிவாமே என்று கேட்கிற ஆண்பிள்ளைகளுக்கு என்னிடம் பதில் கிடையாது! எங்க வீட்டுக்காரர் மாதிரி சர்க்கரை உள்ளவர்கள் பதநீரையும் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வீட்டுச் சமையலுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம், மண்டியில் மணிலா என்பார்கள். ஏழைக்கு முந்திரிப்பருப்பு இதுதான். சட்னி, துவையல், கீரைக்குப் பொடி, குழந்தைக்கு வெல்லம் சேர்த்த உருண்டை என்று எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் பொறுக்கித்தான் வாங்க வேண்டும். சுருங்கினது, நிறம் மாறினது, பூஞ்சை பிடித்தது, வாயில் போட்டால் கசப்பது எதுவும் ஆகாது. அந்தப் பூஞ்சையிலிருந்து அஃப்ளடாக்ஸின் என்கிற விஷம் உண்டாகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. விலை குறைவு என்று சொத்தையை வாங்கி வறுத்துக் குழந்தைக்குக் கொடுப்பது சிக்கனம் ஆகாது. மூட்டையாக வாங்கினால் நன்றாகக் காய வைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

செக்கெண்ணெய்க்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அந்தப் பருப்பின் விலையில் பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுக்கூலியைக் கூட்டிப் பாருங்கள். அதைவிட ரொம்ப மலிவாக ஒருவர் விற்றால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்ததும் ரத்தம் பரிசோதித்தார்கள். ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, கீரை, பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தால் என் மாமியார் பத்தியம் என்று உட்கார்ந்துவிட்டார். கீரை ஆகாது, பருப்பு வாயு, தண்ணீர் கூடக் குறைச்சலாகக் குடிக்கணுமாம். பால் கொடுக்கிறவளுக்கு நாக்கு வறளுது, தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றால் எப்படி? "அத்தை, நீங்க சொல்ற பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் எல்லாம் செய்யறேன். கூடவே நர்சம்மா சொன்னதையும் செய்யறேன்" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் அவர் வாயாலேயே வந்தது சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வோம். பிள்ளை பெற்றவளுக்குச் சுட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். ஈரலைவிட இதில் இரும்புச்சத்து அதிகம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊரில் இது கிடைக்காமலா போகும்? கறிக்கடையில் முன்னாடியே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். கறி விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. நான் சுடாமல், நன்றாக வேகவைத்து மிளகு, சீரகம் போட்டு வதக்கினேன். சைவ வீட்டுக்காரர்கள் முருங்கைக்கீரையை வதக்கி, வறுத்த மல்லாட்டைப் பொடி இரண்டு ஸ்பூன் தூவி, இறக்கினதும் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கலாம். புளிப்பு சேர்ந்தால்தான் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

காலையில் கேழ்வரகுக் கூழ் மோர் விட்டு. அதில் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் அது சொற்பம். எங்க பெண் முதலில் முகம் சுளித்தாள், சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்ததும் இன்னொரு டம்ளர் கேட்டாள். பருப்புக்கு ரேஷன் துவரை, கிலோ 30 ரூபாய். முட்டை தினம் ஒன்று. இத்தனையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆன செலவு, என் மகன் ஞாயிற்றுக்கிழமை வாங்கி வரும் பிரியாணிப் பொட்டலம் ஒன்றின் விலைக்கும் கீழேதான்.

மாத்திரையை விடாமல் போட்டாள். மூன்றாம் மாதம் பரிசோதித்தபோது 11-ஐத் தாண்டியிருந்தது. மருமகன் வந்து கூட்டிப்போன அன்று, என் மாமியாரே கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தார்.