வாடகை குறைவு, கடல் தூரம்: ஹட் பேயில் குடியிருக்க ஆகும் உண்மைச் செலவு

புது தில்லி: அந்தமான் தலைநகரில் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமான ரூ.18,000 பெறும் மத்திய அரசு ஊழியருக்கு, வீட்டு வாடகைப் படியும் தீவு சிறப்புப் பணிப் படியும் சேர்ந்து மாதம் ரூ.5,400 கிடைக்கிறது. அங்கிருந்து கடல் வழியே சுமார் 120 கி.மீ. தெற்கே, லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் அதே ஊதியத்தில் பணிபுரிபவருக்கும் ரூ.5,400 தான். தலைநகரில் வாடகைக்கு ரூ.3,600, தீவுப் படி ரூ.1,800. ஹட் பேயில் வாடகைக்கு ரூ.1,800, தீவுப் படி ரூ.3,600. இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன; கூட்டுத்தொகை மாறவில்லை.

குடியிருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் எந்தக் குடும்பமும் வாடகை, மின்சாரம் உள்ளிட்ட மாதக் கட்டணங்கள், போக்குவரத்து ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தே முடிவுக்கு வருகிறது. ஊருக்கு வெளியே போகப் போக வாடகை குறையும். பயணச் செலவு கூடும். சென்னையில் தாம்பரத்துக்கு அப்பால் வீடு தேடுபவரும், தில்லியில் பணிபுரிந்துகொண்டு காஜியாபாதில் குடியிருப்பவரும் போடும் கணக்கு இதுவே. ஹட் பேயில் இக்கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே இடையில் இருப்பது சாலையோ ரயில் பாதையோ அல்ல, கடல்.

வாடகைப் படியில் சரிந்த வித்தியாசம்: ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளையொட்டி 2017 ஜூலை முதல் படிகள் மாற்றி அமைக்கப்பட்டன. வீட்டு வாடகைப் படிக்காக ஊர்கள் மக்கள்தொகை அடிப்படையில் எக்ஸ், ஒய், இசட் என மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) மக்கள்தொகையில் சிறிய நகரமே. எனினும் ஷில்லாங், கோவா ஆகியவற்றுடன் சேர்த்து, சிறப்பு உத்தரவின் பேரில் அதற்கு ஒய் வகை விகிதம் வழங்கப்படுகிறது. ஹட் பேக்கு அந்தச் சலுகை இல்லை. அது இசட் வகை.

தீவு சிறப்புப் பணிப் படியில் நிலைமை நேர்மாறானது. தலைநகருக்கு அடிப்படை ஊதியத்தில் 10 சதவீதம். வடக்கு, மத்திய அந்தமான் போன்ற கடினப் பகுதிகளுக்கு 16 சதவீதம். மிகவும் கடினமான பகுதிகள் எனக் குறிக்கப்பட்ட லிட்டில் அந்தமானுக்கும் நிகோபார் தீவுகளுக்கும் 20 சதவீதம் என நிர்ணயிக்கப்பட்டது.

ரூ.50,000 அடிப்படை ஊதியம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2017-ல் வாடகைப் படி ஒய் நகரங்களுக்கு 16 சதவீதமாகவும் இசட் ஊர்களுக்கு 8 சதவீதமாகவும் இருந்தது. தீவுப் படியும் சேர்த்து அவருக்குத் தலைநகரில் ரூ.13,000, ஹட் பேயில் ரூ.14,000 கிடைத்திருக்கும். கடலைக் கடந்து சென்றதற்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதல். 2021 ஜூலையில் வாடகைப் படி 18, 9 சதவீதங்களாக உயர்த்தப்பட்டபோது இந்த வித்தியாசம் ரூ.500 ஆகச் சுருங்கியது. அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டியதை அடுத்து, 2024 ஜனவரி முதல் வாடகைப் படி 20, 10 சதவீதங்களானது. வித்தியாசம் மறைந்துபோனது. அகவிலைப்படியுடன் சேர்ந்து வாடகைப் படி உயரும் என விதி இருக்கிறது. தீவுப் படிக்கு அப்படியொரு விதி இல்லை. ஹட் பேயின் கஷ்டம் குறைந்துவிட்டதாக எவரும் முடிவெடுக்கவில்லை. இரண்டு விதிகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்ததன் விளைவு இது.

அரசுக் குடியிருப்பு கிடைத்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு வாடகைப் படி கிடையாது. தலைநகரில் அரசு வீடு பெறுபவர் 20 சதவீதத்தை இழக்கிறார். ஹட் பேயில் பெறுபவர் இழப்பது 10 சதவீதம் மட்டுமே. ஆக, அரசு வீடு கிடைக்குமானால் ஹட் பே லாபம். வெளியில் வாடகைக்கு எடுப்பதானால் காகிதத்தில் சமம். அலுவலகம் சென்றுவருவதற்கான போக்குவரத்துப் படியில் இரு ஊர்களுக்கும் வேறுபாடில்லை. கூடுதல் விகிதம் பெறும் 19 பெருநகரங்களின் பட்டியலில் இரண்டுமே இல்லை.

அரசு ஊழியர் அல்லாதோர்: இவ்வளவு நேரம் பார்த்தது மாதச் சம்பளக்காரர்களின் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லிட்டில் அந்தமானில் சுமார் 18,800 பேர் வசித்தனர். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட விவசாயிகள், ஹர்மிந்தர் பேயில் வாழும் நிகோபாரிகள், மீனவர்கள், கடை வைத்திருப்போர், கூலித் தொழிலாளர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் அவர்கள். யூனியன் பிரதேசம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், அதே கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 சதவீதம்.

தீவு பெரியது, ஆனால் குடியிருக்கக்கூடிய நிலம் சிறியது. பெரும்பகுதி காடும் ஓங்கி பழங்குடியினருக்கான காப்பகமும் ஆகும். ஹட் பே படகுத்துறையிலிருந்து வடக்கே நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம் என்று கிழக்குக் கரையையொட்டிச் செல்லும் சாலையே இத்தீவின் முதுகெலும்பு. வீடு, வயல், பள்ளி, சந்தை அனைத்தும் அதன் ஓரமாகவே அமைந்துள்ளன. எனவே ஊருக்குள் சென்றுவர ஆகும் செலவு பெரிதல்ல.

வீடு கட்டுவது என்றால் நிலைமை வேறு. சிமென்ட், இரும்புக் கம்பி, தகரம் எல்லாம் கப்பலில் வந்தாக வேண்டும். மரம் தாராளமாகக் கிடைத்த காலமும் போய்விட்டது. அந்தமான் காடுகள் தொடர்பாக 2002 மே மாதம் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்ததுடன், கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. காட்டையும் கரையையும் காத்த உத்தரவு அது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதன் விலையில் ஒரு பங்கை வீடு கட்டுவோர் செலுத்தினர் என்பதும் உண்மை.

அடுத்து வந்தது 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி. ஹட் பேயின் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. படகுத்துறையைக் காக்கும் அலைதடுப்புச் சுவர் சேதமடைந்தது. தகரக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டவர்களுக்காக, பின்னர் யூனியன் பிரதேசம் முழுவதும் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நிரந்தர வீடுகள் கட்டும் திட்டம் நிறைவேற்றப்பட்டது. இலவச வீடு என்பதால் வாடகைச் சுமை இல்லை. ஆனால் கரையிலிருந்து தள்ளி அமைந்த வீடு, மீனவருக்குப் படகிலிருந்து தள்ளி அமைந்த வீடும் ஆகும். சென்னையிலும் சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களைச் சேர்ந்த குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டபோது இதே பிரச்னை எழுந்தது. வீடு கிடைத்தது, வேலைக்கும் பள்ளிக்கும் செல்லப் பேருந்துச் செலவு புதிதாக முளைத்தது. தமிழகத்தில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்ட பிறகே அப்பகுதிப் பெண்களுக்கு அந்தச் சுமை குறைந்தது.

டீசலில் எரியும் விளக்கு: தீவுகளுக்கிடையே மின்தொடர் கிடையாது. ஒவ்வொரு தீவும் தனது மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ள வேண்டும். வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் திறன் கொண்ட கல்போங் நீர்மின் நிலையம் உண்டு. தலைநகரில் 2020-ல் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. ஹட் பே பெரிதும் நம்பியிருப்பது டீசல் ஜெனரேட்டர்களை. அந்த டீசலும் கப்பலில் வருவதுதான்.

ஆயினும் ஹட் பே வாசியின் மின் கட்டணச் சீட்டு அச்சமூட்டுவதாக இல்லை. ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஆகும் செலவில் சிறு பகுதியே வீட்டு நுகர்வோரிடம் வசூலிக்கப்படுகிறது. மீதியை மத்திய அரசின் நிதி ஈடுகட்டுகிறது. கட்டண விகிதம் தீவுக்குத் தீவு மாறுவதில்லை என்பதால், தலைநகரில் இருப்பவரும் ஹட் பேயில் இருப்பவரும் ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். தூரத்தின் விலையை அரசு முழுமையாக ஏற்றுக்கொண்ட துறை இது ஒன்றுதான் எனலாம்.

கடைச் சாமான்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை இங்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அந்தச் சிறு அனுகூலமும் முடிந்தது. சென்னையிலோ கொல்கத்தாவிலோ ஏற்றப்பட்ட பொருள் தலைநகரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி கப்பலேறி ஹட் பே வருகிறது. இரண்டு முறை ஏற்றி இறக்கிய கூலி விலையில் சேர்ந்தே வரும். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால், விலையைப் பற்றிய பேச்சுக்கே இடமிருக்காது. பொருள் இருக்கிறதா என்பதே கேள்வியாகும்.

ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள்: மூன்றாவது செலவான பயணத்துக்கு வருவோம். கப்பல் கட்டணம் பெரும் சுமை அல்ல. கப்பல் சேவைகள் இயக்குநரகம் இயக்கும் தீவுகளிடைக் கப்பல்களில் தீவுவாசிகளுக்கு வெளியாரைவிடக் குறைந்த கட்டணமே வசூலிக்கப்படுகிறது. சிக்கல் நாள்களில் இருக்கிறது. தலைநகருக்குச் செல்ல ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். பெரிய மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை அங்கே உள்ளது. உயர் அலுவலகங்களும் அங்கே. பட்டப்படிப்புக்குப் பெரும்பாலோர் நாடும் ஜவாஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயாவும் அங்கே.

ஒரு கூலித் தொழிலாளி தன் தாயை ஸ்கேன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போக ஒரு நாள், பரிசோதனைக்கு ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். திரும்பும் கப்பல் மறுநாளே இருந்து, அதில் இடமும் கிடைத்தால்தான் இந்த மூன்று நாள். மாதம் 26 நாள் வேலை செய்பவருக்கு மூன்று நாள் என்பது வருமானத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. இருவருக்குத் தங்குமிடம், சாப்பாடு ஆகியவை தனி. தலைநகரில் குடியிருப்பவர் அரை நாள் விடுப்பில் முடிக்கும் காரியம் இது. மாதம் முழுவதும் வாடகையில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பயணத்தில் கரைந்துவிடக்கூடும்.

பருவமழைக் காலத்தில் இக்கணக்கும் நிற்பதில்லை. வழியில் ரட்லண்ட் தீவுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் இடையே உள்ளது டங்கன் கணவாய். அங்கே கடல் சீறினால் பயணம் தள்ளிப்போகும். ஹெலிகாப்டர் சேவை உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ஆனால் இருக்கைகள் சில மட்டுமே. அவசர நோயாளிகளுக்கே முதலிடம் என்பது நியாயமும்கூட.

அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு, வீட்டுச் செலவையும் பயணச் செலவையும் சேர்த்து அளக்கும் குறியீடு ஒன்றை 2006-ல் வெளியிட்டது. வீட்டுக்கு வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் செலவிட்டால் கட்டுப்படியாகும் என்ற பழைய அளவுகோல் போதாது. வீடும் பயணமும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் வாதம். கார் வைத்திருக்கும் குடும்பங்களை மனதில் கொண்டு உருவான அளவுகோல் அது. டிக்கெட் மலிவாகவும் நாள்கள் விலை உயர்ந்தவையாகவும் உள்ள ஹட் பேயை அதில் வைத்து அளந்தால் ஊர் மிக மலிவானது என்றே விடை வரும். இழந்த கூலி எந்தப் பற்றுச்சீட்டிலும் பதிவாவதில்லை.

வேலை போன பிறகு: வாடகை, கட்டணம், பயணம் மூன்றுக்கும் அடியில் வருமானம் என்ற ஒன்று இருக்கிறது. லிட்டில் அந்தமானில் சுமார் 1,600 ஹெக்டேரில் செம்பனை பயிரிட்டு, பலருக்கு வேலை அளித்தது அரசுக்குச் சொந்தமான அந்தமான்-நிகோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம். 2002 உத்தரவுக்குப் பின் நலிவடைந்த இந்நிறுவனத்தை மூட 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அத்தகைய வேலைகள் மறைந்த ஊரில், மலிவான வாடகை ஒருவரை எவ்வளவு காலம் பிடித்துவைக்கும்?

லிட்டில் அந்தமானில் புதிய கடலோர நகரம் அமைப்பது குறித்து நீதி ஆயோக் தயாரித்த தொலைநோக்கு ஆவணம் 2021-ல் வெளியே தெரியவந்தது. காட்டையும் பழங்குடியினர் காப்பகத்தையும் பெருமளவு விடுவிக்க வேண்டும் என்பதால் அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. விமான நிலையமும் சொகுசு விடுதிகளும் கொண்ட அந்தக் கனவு நகரத்தைவிட, இங்கே குடியிருப்பவரின் செலவுக் கணக்கை உடனடியாக மாற்றக்கூடியவை சாதாரணமானவை: நாள் தவறாத கப்பல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை, தலைநகருக்கு அலையாமல் முடியும் அலுவலகப் பணிகள். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடி கண்ணாடி இழை இணைப்பு, லிட்டில் அந்தமானையும் தொட்டுச் செல்கிறது. விண்ணப்பம் அனுப்பவும் தேர்வு முடிவு பார்க்கவும் கப்பலேற வேண்டிய அவசியத்தை அது ஓரளவு குறைத்துள்ளது. நோயாளியை அதன் வழியே அனுப்ப முடியாது.

யூனியன் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். கப்பல், மின் மானியம், படி விகிதம் எல்லாவற்றுக்கும் கோப்புகள் இறுதியில் தில்லிக்கே வந்து சேர்கின்றன. எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான அக்குழு பரிந்துரைகளை அளிக்க 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. கடல் கடந்த ஊரின் கூடுதல் ஆயிரம் ரூபாய் ஏழு ஆண்டுகளில் பூஜ்யமான இந்தக் கணக்கும் அக்குழுவின் முன் செல்ல வேண்டியவற்றுள் ஒன்று.