இறக்கையடியில் நிற்கும் மனிதர்கள்

1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தை 48-இல் ஒரு பங்கு மாதிரியாகச் செய்தால், இரு இறக்கைகளும் சேர்ந்து ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் வரும். பக்கத்தில் நிற்கும் தரைப்பணியாளர் மூன்றரை சென்டிமீட்டர்தான். அந்தச் சிற்றுருவங்கள் விமானத்தின் அழகைக் கெடுக்கும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த விமானத்தின் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் தலா 300 குண்டுகள். விடாமல் சுட்டால் சுமார் 15 விநாடிகளில் தீர்ந்துவிடும். பிறகு குண்டுப்பட்டை மாட்டுபவரும் எஞ்சினைப் பார்ப்பவரும் பெட்ரோல் நிரப்புபவரும் இல்லாமல் அது மீண்டும் போருக்கு எழாது. இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேல் பூட்ஸ் தேய்த்த வண்ணமும், துப்பாக்கி வாயில் படிந்த கரியும் அவர்கள் அருகில் இருந்தால்தான் பொருள்படும். இப்படி மாதிரி செய்வது போரைப் பொம்மையாக்குகிறது என்ற கவலை நியாயமானதே. ஆனால் ஆளே இல்லாமல் பளபளக்கும் விமானம்தான் அந்தத் தவறை அதிகம் செய்கிறது. மாதிரி செய்பவர்களே, முதலில் ஆட்களுக்கு இடம் ஒதுக்குங்கள்.