படம் பெட்டிக்குப் போனாலும் உருளும் இரும்புக் குண்டு!

ஹாலிவுட் தேதியை நம்பி பந்தயம் கட்டிய பின்பால் கம்பெனிகள்

சினிமா படம் ஓடும்போதே கல்லா கட்டிவிட வேண்டும். படம் தியேட்டரை விட்டுப் போனபின் சரக்கை இறக்கினால் யார் சீந்துவார்? பொங்கல் முடிந்தபின் கரும்பு விற்ற கதைதான்!

அமெரிக்காவில் பின்பால் எந்திரம் செய்யும் கம்பெனிகள் இந்தக் கணக்கோடுதான் ஹாலிவுட்டோடு கைகோர்த்தன. கணக்கு சில நேரம் பலித்தது. சில நேரம் காலை வாரியது.

இதுபற்றிய ருசிகர விவரம் வருமாறு:-

காசு போட்டால் குண்டு

பின்பால் என்பது கண்ணாடி மூடிய சாய்வு மேஜை. காசு போட்டால் ஒரு இரும்புக் குண்டு வரும். ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் குண்டு மேலே பாயும். அங்கே முட்டி, இங்கே மோதி, மணி அடித்து, விளக்கை எரிய வைத்துவிட்டு கீழே உருண்டு வரும்.

கீழே இரண்டு சின்னத் துடுப்புகள். பக்கத்தில் உள்ள பொத்தானை அமுக்கினால் துடுப்பு குண்டை மறுபடி மேலே தட்டும். தவறவிட்டால் குண்டு பள்ளத்தில். "போச்சுடா!" என்று கையை உதறிவிட்டு மறுபடி சட்டைப் பையைத் துழாவ வேண்டியதுதான்.

சுத்தியல் தூக்கிய மேயர்

இந்த ஆட்டத்துக்கு ஒரு காலத்தில் போலீஸ் கெடுபிடி இருந்தது. "இது சூதாட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காசைப் பறிக்கிறது" என்று 1942-ல் நியூயார்க் நகரில் தடை போட்டார்கள். போலீசார் கடை கடையாகப் புகுந்து எந்திரங்களை அள்ளி வந்தனர். மேயர் லா கார்டியாவே சுத்தியலைத் தூக்கி எந்திரங்களை அடித்து நொறுக்கினார்.

34 வருஷம் நீடித்த தடை 1976-ல் விலகியது. ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகரசபை உறுப்பினர்கள் முன்னிலையில் ஆடிக் காட்டினார். குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு கம்பியை இழுத்தார். சொன்ன வழியிலேயே குண்டு போனது! இது அதிர்ஷ்டம் அல்ல, கைத்திறன் என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார்கள்.

அதே ஷார்ப் பின்னாளில் சிகாகோவின் வில்லியம்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவர் வேலை என்ன தெரியுமா? சினிமா பெயரையும் படத்தையும் எந்திரத்தில் போட உரிமம் பேசி முடிப்பதுதான்!

தெரிந்த முகம்

ஒரு கடையில் பத்து எந்திரம் வரிசையாக நின்றால் புது ஆள் எதில் காசு போடுவான்? தெரிந்த முகம் உள்ள எந்திரத்தில்தான். இந்த ரகசியம் 1975-லேயே பிடிபட்டது. பின்பால் ஆடும் வாலிபனைப் பற்றிய 'டாமி' படம் அந்த வருஷம் வந்தது. உடனே பாலி கம்பெனி அதில் நடித்த ஆன்-மார்கரெட்டின் உருவத்தைப் போட்டு 'விசார்ட்' எந்திரத்தை இறக்கியது. 10 ஆயிரத்துக்கு மேல் விற்றது.

ஆனால் எந்திரத்தை விலைக்கு வாங்கியவர் ஆட்டக்காரர் அல்ல. நடுவில் ஒரு தொழில்காரர் இருந்தார். அவர் ஆயிரக்கணக்கான டாலர் முதல் போட்டு வாங்கி பாரிலும், பீட்சா கடையிலும் வைப்பார். விழும் காசில் கடைக்காரருக்கும் பங்கு. காசு விழாவிட்டால் முதல் போட்டவர் தலையில் துண்டு!

ஒரே மாதத்தில்

1991 ஜூலையில் ஆர்னால்டு நடித்த 'டெர்மினேட்டர் 2' திரைக்கு வந்தது. அதே மாதம் வில்லியம்ஸ் கம்பெனியின் எந்திரமும் வந்தது. ஸ்பிரிங் கம்பிக்குப் பதில் துப்பாக்கி விசை. எந்திரத்துக்காக ஆர்னால்டே குரல் கொடுத்தார். படம் பார்த்து வந்த கையோடு காசு போட்டார்கள். 15,202 எந்திரம் விற்றது.

இது லேசான காரியம் அல்ல. ஒரு எந்திரத்தை வரைந்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்து வெளியே கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். அதனால் படம் முடியும் முன்பே வேலையை ஆரம்பித்தாக வேண்டும். படம் ஓடுமா, ஊத்திக்கொள்ளுமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பணத்தைக் கொட்ட வேண்டும்.

ஒரு வாரத்தில் இரண்டு தீர்ப்பு

1993 ஜூனில் 'ஜுராசிக் பார்க்' வந்தது. வசூல் மழை! ஒரே வாரம் கழித்து ஆர்னால்டின் 'லாஸ்ட் ஆக்ஷன் ஹீரோ' வந்தது. எதிர்பார்த்த வசூல் இல்லாமல் சுருண்டது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு படத்துக்கும் பின்பால் எந்திரம் செய்தது டேட்டா ஈஸ்ட் என்ற ஒரே கம்பெனி! ஜுராசிக் எந்திரத்தில் டைனோசர் குனிந்து குண்டைக் கவ்வி விழுங்கும். ஜனங்கள் மொய்த்தனர். இரண்டு வருஷம் முன்பு எந்திரத்தை விற்றுக்கொடுத்த அதே ஆர்னால்டு முகம், இந்த முறை அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை.

பிந்தி வந்து முந்தியது

அப்படியானால் தேதிதான் எல்லாமா? இல்லை என்று காட்டியது 'ஆடம்ஸ் பேமிலி'. படம் வந்தது 1991 நவம்பர். எந்திரம் வந்ததோ 1992 மார்ச். நான்கு மாதம் தாமதம்! ஆனாலும் 20,270 எந்திரம் விற்று மின்னணு பின்பாலில் சாதனை படைத்தது.

காரணம் ஆட்டம். பெட்டிக்குள் இருந்து ஒரு கை எட்டிப் பார்த்து குண்டைத் தூக்கிக்கொண்டு போகும். பலகைக்கு அடியில் உள்ள காந்தம் குண்டைத் திசைமாற்றி கண்ணாமூச்சி காட்டும். பேய் பங்களாவில் ஒவ்வொரு அறையாகப் புகுந்து வர வேண்டும். "இன்னும் ஒரே ஒரு அறைதான் பாக்கி" என்று ஆட்டக்காரன் அடுத்த காசை எடுப்பான். படம் பெட்டிக்குப் போன பிறகும் காசு விழுந்தது.

மூடிய கதவு

வீட்டுக்கு வீடு வீடியோ கேம் வந்ததும் கடைகளில் கூட்டம் குறைந்தது. 1999 மே மாதம் வந்த புதிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தை நம்பி வில்லியம்ஸ் கம்பெனி ஒரு எந்திரம் இறக்கியது. கண்ணாடியில் வீடியோ உருவம் தெரியும் புதுமை. அதுவும் காப்பாற்றவில்லை. அந்த அக்டோபரிலேயே பின்பால் பிரிவை இழுத்து மூடினார்கள். சிகாகோவில் எந்திரம் பூட்டிய தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

51 வருஷம் கழித்து

தாக்குப்பிடித்து நின்ற ஸ்டெர்ன் கம்பெனியும், பின்னர் வந்த சில கம்பெனிகளும் இப்போது தேதிக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன. 1972-ல் வந்த 'காட்பாதர்' படத்துக்கு 2023-ல் எந்திரம்! 1975-ல் வந்த 'ஜாஸ்' சுறாவுக்கு 2024-ல் எந்திரம்!

விலை ஏறக்குறைய 7 ஆயிரம் டாலரில் ஆரம்பித்து மேலே போகிறது. வாங்குவோரில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் ஏராளம். சின்ன வயதில் பார்த்த படத்தை வீட்டு முன்னறையில் நிறுத்திக்கொள்கிறார்கள். இவர்களுக்கு ரிலீஸ் தேதி ஒரு பொருட்டே அல்ல. படம் ஓடுமா என்ற பயமும் கம்பெனிக்கு இல்லை. ஓடியது எது என்பது ஊருக்கே தெரியும்!

ஆனால் ஆட்டம் சப்பென்று இருந்தால் அங்கேயும் தப்ப முடியாது. சினிமா முகம் முதல் காசை வாங்கித் தரும். இரண்டாவது காசு விழுவது குண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பொறுத்தது!